ஓட ஏலாமல் ஓடினவன்

அந்தக் குதிரைப்படை அதிகாரியின் தோள்பட்டியை இன்னொருவன் பிய்த்து எறிவதை நான் முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். பழைய அமெரிக்கத் தொடர். ஜெர்மன் குரல் போட்டுப் பின்னேரம் மூன்றரைக்குக் காட்டுவார்கள். அந்த நேரத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பவர்கள் பென்ஷன்காரரும் காலை ஷிஃப்ட் முடித்து வந்தவர்களும்தான். நான் இரண்டாவது வகை, முதலாவது வகைக்கு நகர்ந்துகொண்டிருக்கிறவன்.

கதை இவ்வளவுதான். ஒரு சண்டையில் படை முழுவதும் செத்துப்போக, இவன் ஒருவன் மட்டும் உயிரோடு மிஞ்சியிருக்கிறான். அதனால் களத்தை விட்டு ஓடியவன் என்று தீர்ப்பு. எல்லோரையும் வரிசையில் நிறுத்தி வைத்துக்கொண்டு பட்டியைப் பிய்ப்பார்கள், வாளை முறிப்பார்கள், கோட்டைக் கதவைத் திறந்து வெளியே விடுவார்கள். அவன் ஓடவில்லை என்பது அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அவனில் எனக்கு ஒரேயொரு குறை. பழி வாங்க மாட்டான். ஊர் ஊராகப் போவான். ஒவ்வோர் ஊரிலும் எவனாவது ஒருவன் "கோழை" என்று காலடியில் துப்புவான். இவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்று, கடைசியில் துப்பினவனையே காப்பாற்றிவிட்டுக் குதிரையேறுவான்.

"துவக்கு இடுப்பிலைதானே கிடக்கு, எடடா!" என்று நான் சோபாவிலிருந்து கத்துவேன்.

"கத்தாதேங்கோ. கீழ்வீட்டுக் கிழவி பொலிசுக்கு அடிக்கப்போறா" என்று குசினியிலிருந்து மனைவி கத்துவாள். அவள் கத்துவது கிழவிக்குக் கேட்காதாம்.

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. எனக்கு நடந்ததற்கு நான் பழி வாங்குவதென்று முடிவெடுத்துவிட்டேன். யாரை என்பதும் தெரியும். எப்படி என்பதுதான் தெரியாமல் இருந்தது.

நான் பீலெஃபெல்டில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறேன். சமையலறை அலமாரிக் கதவுகள் வந்து இறங்கும். அவற்றை அடுக்கி வைத்து, பிறகு லொறியில் ஏற்றுவோம். எனக்கு அங்கே ஸ்டாப்லர் வேலை. முன்னுக்கு இரண்டு இரும்பு விரல்களை நீட்டிக்கொண்டு பாரம் தூக்குகிற வண்டிக்கு ஜெர்மன்காரர் வைத்த பெயர் ஸ்டாப்லர். பின்பக்கத்தில் ஒரு காஸ் சிலிண்டர் குழந்தைப்பிள்ளை மாதிரிப் படுத்திருக்கும். இருக்கையில் பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் வண்டி கிளம்பாது.

மூன்று வருடங்களுக்கு முன்னால் எங்களுடைய ஷெஃப் என்னைக் கூப்பிட்டார். ஜெர்மனியில் ஷெஃப் என்றால் சமையல்காரன் இல்லை, மேலாளர். முதல் வருடம் இது தெரியாமல் நான் அவரிடம் மதியச் சாப்பாடு என்னவென்று கேட்டிருக்கிறேன். அதை அவர் இன்னும் மறக்கவில்லை. அப்படிப்பட்டவர் என்னை அரைநாள் வகுப்புக்கு அனுப்பினார். அங்கே ஒரு தட்டில் தீயைக் கொளுத்தி எங்களை அணைக்கச் சொன்னார்கள். நான் அணைத்தேன். வாத்தியாரின் காலில் இருந்த சப்பாத்தையும் சேர்த்து அணைத்தேன். சான்றிதழ் தந்தார்கள். திரும்பி வந்ததும் ஷெஃப் ஒரு மஞ்சள் அங்கியைத் தந்தார். அதன் நெஞ்சில் வெல்க்ரோ வைத்த ஒரு பட்டி; பட்டியில் ஒரு சொல். தீப்பிடித்தால் ஆட்களை வெளியேற்றும் உதவியாளர் என்று அர்த்தம். ஜெர்மன் சொல் என்பதால் இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள்வரை நீளம்.

ஊரில் எனக்கு எந்தப் பட்டமும் கிடைத்ததில்லை. இங்கே வந்து முப்பது வருடத்தில் கிடைத்த ஒரேயொரு பட்டம் அதுதான். கோயில் தேருக்கு வாகனத் தரிப்பிடத்தில் நிற்பதற்கும் அந்த அங்கியோடுதான் போவேன். "அண்ணை, இஞ்சை என்ன நெருப்போ?" என்று கேட்பார்கள். "வந்தால் நான் பாக்கிறன், நீங்கள் காரைத் தள்ளி விடுங்கோ" என்பேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை நெருப்பு வந்தது.

நெருப்பு என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். பொதிகளுக்குப் பிளாஸ்டிக் சுற்றுகிற மெஷினின் மோட்டர் புகைந்தது. ஆனால் புகை கறுப்பாக வந்தது, சைரன் அலறியது, மேலே சிவப்பு விளக்குகள் சுற்றத் தொடங்கின. நான் ஸ்டாப்லரில் இருந்தேன். என்னுடைய கடமை தெளிவானது: முதலில் கக்கூஸ் கதவுகளைத் தட்டி உள்ளே யாரும் இல்லை என்று பார்ப்பது, பிறகு எல்லோரையும் முற்றத்துக்கு அனுப்புவது.

எனக்குப் பக்கத்தில் ஒரு தம்பி நின்றான். இந்தியத் தமிழன், மதுரைப் பக்கம். டார்ம்ஸ்டாட்டில் ஏதோ கம்பெனியில் எஞ்சினியர். எங்களுடைய அலமாரி அடுக்குகளைக் கணினியோடு இணைப்பதற்கு இரண்டு வாரம் வந்திருந்தான். என்னை "அங்கிள்" என்று கூப்பிடுவான். அதற்கே அவனில் எனக்குச் சின்னக் கோபம் இருந்தது.

காஸ் சிலிண்டரோடு வண்டியை உள்ளே விட்டுவிட்டு வர முடியாது என்று நான் யோசித்தேன். ஆகவே வண்டியை நான் வெளியே கொண்டுபோவதாகவும், கக்கூசை அவன் பார்க்க வேண்டுமென்றும் சைரனுக்கு மேலாகக் கத்தினேன்:

"தம்பி, நான் ஓடுறன்! நீர் கக்கூசைப் பாரும்!"

அவன் என்னை ஒருமாதிரிப் பார்த்தான். பிறகு வெளியே பாய்ந்தான்.

இது நான் எல்லோருக்கும் சொன்ன கதை. இதில் ஒரு பொத்தல் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முற்றத்தில் ஆட்களை எண்ணினார்கள். ஒருவர் குறைந்தார். ஷெஃப். ஒவ்வொரு நாளும் ஒன்பதேகாலுக்கு அவர் பத்திரிகையோடு உள்ளே போய்விடுவார். அது கிடங்கு முழுவதற்கும் தெரிந்த அட்டவணை. புகைக்கு நடுவிலிருந்து அவர் வந்தார். சட்டை வெளியே, பத்திரிகை கக்கத்தில், ஒரு கை காற்சட்டையைப் பிடித்தபடி. பொதி கட்டுகிற பெண்கள் முதலில் அழுவதற்குத் தயாராகி, பிறகு சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் எனக்கு எமனாக வந்தது.

ஷெஃப் நேரே அந்தத் தம்பியிடம் போனார். நான் கடைசியாகப் பேசியது அவனோடு என்பதைப் பலர் பார்த்திருந்தார்கள். என்ன சொன்னார் இவர் என்று இங்கிலீஷில் கேட்டார். தம்பி பதில் சொன்னான். சைரன் இன்னும் அலறிக்கொண்டிருந்ததால் எனக்கு மூன்று சொற்கள்தான் பிடிபட்டன: ரன்னிங், வாட்டர், டாய்லெட்.

ஷெஃபின் முகம் தக்காளி நிறத்துக்கு வந்தது. இரண்டு எட்டில் என் முன்னால் நின்றார். பயந்துவிட்டால் என்னிடமிருந்து முதலில் ஓடிப்போவது ஜெர்மன் மொழிதான். வாயில் மிஞ்சியிருந்த ஒரே சொல்லை, சிலிண்டரைக் காட்டிக்காட்டி, திரும்பத் திரும்பச் சொன்னேன்: "காஸ்! காஸ்!" ஜெர்மன்காரருக்குக் காஸ் கொடுப்பது என்றால் வேகமாகப் போவது. ஓடியதும் போதாமல் எவ்வளவு வேகத்தில் ஓடினேன் என்று பெருமையடிப்பதாக அவர் நினைத்திருக்க வேண்டும். கையை நீட்டினார்.

க்ர்ர்ரக்.

வெல்க்ரோ பிய்கிற சத்தம் அவ்வளவு பெரிதாக இருக்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை. முப்பத்திரண்டு பேர் வரிசையில் நின்று கேட்டார்கள். தீயணைப்புக்காரர்களும் வந்திறங்கி நின்று கேட்டார்கள். அவர்களில் ஒருவன் மட்டும், ஷெஃப் என்னிடம் வருவதற்குச் சற்று முன்னால், என் ஸ்டாப்லரைப் பார்த்து, நல்லவேளை இந்த சிலிண்டர் வெளியே இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போயிருந்தான். அது எனக்கு மட்டும்தான் கேட்டிருந்தது.

வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்ட முதல் கேள்வி: "ஏன் நெஞ்சு மொட்டையாக் கிடக்கு?"

சொன்னேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"அப்ப நீங்கள் ஓடேல்லை?"

"ஓடேல்லை."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"என்னை ஆரெண்டு நினைச்சீர்? சிலிண்டரை வெளியாலை கொண்டுபோனதாலைதான் அந்தக் கட்டடம் இண்டைக்கும் நிக்குது!"

"சரி, சரி. கட்டடம் நிக்கட்டும். நீங்கள் இருந்து சாப்பிடுங்கோ."

அன்று பின்னேரம்தான் அந்தத் தொடரை முதன்முதலாகப் பார்த்தேன். தோள்பட்டி பிய்ந்தபோது என் கை என்னுடைய நெஞ்சுக்குப் போனது. மறுநாளிலிருந்து ஒருநாளும் தவறவிடவில்லை. மனைவி என்னைக் "குதிரைக்காரர்" என்று கூப்பிடத் தொடங்கினாள். வேலையில் இருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. நான் ஸ்டாப்லரில் ஏறும் ஒவ்வொரு தடவையும் எவனாவது வாயால் சைரன் சத்தம் எழுப்புவான். நான் துள்ளுவேன். துள்ளாமல் இருக்கத்தான் பார்த்தேன், உடம்பு கேட்கவில்லை.

தம்பி வேலையை முடித்து டார்ம்ஸ்டாட்டுக்குப் போய்விட்டான். நான் தூக்கத்திலும் அவனோடு வழக்காடினேன். அவன் ஏன் பொய் சொன்னான் என்பதற்கு ஏழு காரணங்கள் கண்டுபிடித்தேன். கக்கூசைப் பார்க்கச் சொன்னதில் மானம் போயிருக்கலாம். படித்தவனல்லவா! தான் தட்டாமல் ஓடிவந்ததை மறைப்பதற்காக என்னை மாட்டிவிட்டிருக்கலாம். இரண்டாவதுதான் என்று நீதிபதியாகிய நான் தீர்ப்பெழுதினேன்.

தண்டனையைத்தான் முடிவுசெய்ய இயலவில்லை. டார்ம்ஸ்டாட்டுக்கே போய் வாசலில் நிற்கலாமா என்று யோசித்தேன். போய்? "தம்பி, நீர் செய்தது சரியில்லை" என்று சொல்லிவிட்டு, அவன் தேத்தண்ணி தந்தால் குடித்துவிட்டு வருவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம் கழித்து, அவன் தானாகவே வந்து மாட்டினான். கணினியில் ஏதோ திருத்த வேண்டுமென்று ஒருநாள் வேலைக்கு வந்திருந்தான். இரண்டு மணிக்கு என் ஷிஃப்ட் முடிய, ஷெஃப் என்னைக் கூப்பிட்டு, "இவரை ஸ்டேஷனில் இறக்கிவிடு, உன்னுடைய நாட்டுக்காரர்தானே" என்றார். எங்களுக்கு நடுவில் ஒரு கடல் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஏனென்றால் அந்த நொடியில் தண்டனை முழுசாக என் மண்டைக்குள் வந்து இறங்கிவிட்டது.

பீலெஃபெல்டில் பெரிய ஸ்டேஷன் ஒன்று இருக்கிறது. தெற்கே ப்ராக்வேடவில் சின்ன ஸ்டேஷன் ஒன்று இருக்கிறது. தூரப் போகிற வேகவண்டி சின்னதில் நிற்காது. அதன் முகத்தில் காற்றடித்துவிட்டுப் போகும். இவனை அங்கே இறக்கி, "இதுதான் தம்பி" என்று சிரித்துக் கையசைத்துவிட்டு வருவது. தன்னுடைய ரயில் தன் கண்முன்னால் நிற்காமல் போவதை அவன் பார்க்க வேண்டும். அந்த அதிகாரிக்கு இப்படி ஒரு மூளை இருந்திருந்தால் தொடர் முதல் கிழமையே முடிந்திருக்கும்.

தரிப்பிடத்தில் அவன் பையோடு நின்றான். எனக்கு உள்ளங்கை வேர்த்தது. பழி வாங்குகிறவனுக்கு உள்ளங்கை வேர்க்கலாமா? காரின் பூட்டுத் திறப்பு இரண்டு தடவை கீழே விழுந்தது. குரலை இயல்பாக வைத்துக்கொண்டு சொன்னேன்:

"தம்பி, நான் ஓடுறன். நீர் முன்னுக்கு இரும்."

அவன் கார்க் கதவைத் தொடவேயில்லை.

"எதுக்கு அங்கிள் ஓடணும்? அதான் கார் இருக்கே?"

"ஓம், கார் இருக்கு. அதுதானே ஓடுறன் எண்டு சொல்லுறன்."

"டிரெயினுக்கு டைம் இருக்கு அங்கிள். டென்ஷன் ஆகாதீங்க." பையைத் திறந்து ஒரு போத்தலை எடுத்து, மூடியையும் திருகி, என்னிடம் நீட்டினான். "இந்தாங்க. மெதுவா குடிங்க."

"ஏன் எனக்குத் தண்ணி?"

"நீங்கதானே அங்கிள் கேட்டீங்க? நீர்னு. அன்னைக்கும் இப்படித்தான் ஆச்சு. ஃபயர் அலாரம் அடிச்சப்போ. 'நான் ஓடுறன், நீர், கக்கூஸ்'னு கத்தினீங்க. முகமே வெளுத்துப்போச்சு. பயத்துல ஏதேதோ சொல்றீங்கன்னு நினைச்சேன். உங்க மேனேஜர் கேட்டப்போ அதையேதான் சொன்னேன். நான் ஓடுறேன், தண்ணி டாய்லெட்ல இருக்குன்னு."

நான் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மண்டைக்குள் ஏதோ ஒரு திறப்பு மெதுவாகச் சுழன்றது.

"நீர் எண்டால் தண்ணி இல்லையடா தம்பி. நீர் எண்டால் நீர்!" என்று விரலை அவன் நெஞ்சுக்கு நீட்டினேன்.

"அதான் அங்கிள், நீர்னா நீர்தானே?"

"ஓம், நீர்தான் நீர்!"

அவன் ஒரு அடி பின்னால் வைத்தான். என்னை இனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. நான் மூச்சை இழுத்து விட்டேன்.

"கேளும். எங்கடை பக்கத்திலை வயசு குறைஞ்ச ஆளை மரியாதையாக் கூப்பிடுறதுக்கு 'நீர்' எண்டுவம். நீ இல்லை, நீங்களும் இல்லை, நடுவிலை. விளங்குதோ? ஓடுறன் எண்டால் காலாலை இல்லை. வாகனத்தை. ட்ரைவ்."

"ட்ரைவ்னா ஓட்டுறேன்ல? நடுவுல ஒரு 'ட்' வரணுமே அங்கிள்?"

"எங்களுக்கு வராது."

"ஐயய்யோ." அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அப்போ நீங்க சொன்னது... நான் வண்டியை எடுத்துட்டுப் போறேன், நீ டாய்லெட்டை செக் பண்ணுன்னா?"

"அதுதான்."

"சாரி அங்கிள். சத்தியமா தெரியாது அங்கிள். அதுக்கப்புறம் ஏதாச்சும் ப்ராப்ளம் ஆச்சா?"

நான் மஞ்சள் அங்கியின் மொட்டை நெஞ்சைக் காட்டினேன். "ஒரு 'ட்' இல்லாததாலை வந்தது."

அவனுடைய கண் கலங்கிவிட்டது. எனக்கு எரிச்சலாக வந்தது. ஆறு கிழமையாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த எதிரி, இப்படிப் பச்சைத்தண்ணியாக, மூடியும் திருகித் தந்துவிட்டு, முன்னால் நிற்கிறான். இனி யாரைப் பழி வாங்குவது?

ஷெஃபை.

"ஏறும் காரிலை. இல்லை, ஏறாதேயும். உள்ளுக்கு நடவும்" என்றேன். ஷெஃபின் அறைக்கு அவனை இழுத்துக்கொண்டு போனேன். அவனுடைய ரயில் அதற்குள் போய்விட்டது. ப்ராக்வேட வரைக்கும் போகாமலே அந்தத் தண்டனை நிறைவேறியதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

தம்பி ஒரு தாளில் கார் கீறினான், ஓடுகிற மனிதன் ஒருவன் கீறினான், தண்ணீர்க் குழாய் கீறினான், கோடு போட்டு இணைத்தான். பாதி இங்கிலீஷ், பாதி ஜெர்மன். ஷெஃப் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். அவருக்கு விளங்காது என்று நான் கைவிட்ட நேரத்தில், கதிரையில் சாய்ந்து பெருமூச்சு விட்டார்.

"என்னுடைய மாமியார் தெற்கத்திக்காரி" என்றார். "நான் ஓடுவது என்று சொல்கிற அதே சொல்லை அவ நடப்பதற்குச் சொல்லுவா. கல்யாணமான புதிதில், ரொட்டிக்கடைக்கு ஓடலாம் வா என்று என்னைக் கூப்பிட்டா. நான் ஓட்டச் சப்பாத்து மாட்டிக்கொண்டு வந்து நின்றேன்."

மேசை லாச்சியை இழுத்துத் திறந்தார். தாள் கொழுவிகளுக்கும் பழைய பேனைகளுக்கும் நடுவில் என்னுடைய பட்டி கிடந்தது. எடுத்து மேசைமேல் வைத்து என் பக்கம் தள்ளினார். "எனக்கு வருத்தம். எடுத்துக்கொள்."

நான் எடுக்கவில்லை. அந்த நிமிடம்தான் என் வாழ்க்கையிலேயே நான் நடுங்காமல் ஜெர்மன் பேசிய நிமிடம். வேற்றுமை உருபுகள்கூட ஓரளவுக்குச் சரியாக வந்தன.

"முற்றத்தில் பிய்த்தீர்கள். முற்றத்தில் ஒட்டுங்கள். அதே ஆட்கள் நிற்க வேண்டும். முப்பத்திரண்டு பேரும்."

அவர் என்னைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். "வியாழக்கிழமை" என்றார்.

வீட்டில் மனைவிக்கு எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். நீர், ட், குழாய்ப் படம், மாமியார். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"எல்லாம் சரி. அண்டைக்கு ஏன் நீங்கள் அந்த வண்டியிலை இருந்து இறங்கேல்லை?"

"சொன்னனானே. சிலிண்டர்."

"இஞ்சாருங்கோ. இருவத்தெட்டு வருசமா உங்களோடை இருக்கிறன். நெருப்பெண்டு கேட்டவுடனை சிலிண்டரை யோசிக்கிற மூளையோ உங்களுக்கு?"

பொத்தலுக்கு வந்துவிட்டேன்.

பெல்ட். சைரன் அடித்ததும் நான் குதித்து இறங்கத்தான் பார்த்தேன். கடமைக்காக அல்ல, உயிருக்காக. சிவப்புப் பொத்தானை அமத்தினால் பெல்ட் கழரும். ஒரு நாளைக்கு இருபது தடவை அமத்துகிற பொத்தான். அன்று நான் அதை அமத்தவில்லை. இழுத்தேன். இழுக்க இழுக்க அது இறுகியது. வயிற்றில் இருந்த காற்றெல்லாம் போய்விட்டது. பெல்ட்டும் வண்டியும் நானும் ஒரே பிராணி என்று ஆனபிறகு, வண்டியோடு சேர்ந்து வெளியே போவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அந்த நேரத்தில்தான் தம்பியைப் பார்த்தேன், கத்தினேன். முற்றத்தில் வண்டியை நிறுத்தியபிறகுதான் விரல் அந்தப் பொத்தானைக் கண்டது. சிலிண்டர் என்ற எண்ணமே, அந்தத் தீயணைப்புக்காரன் அப்படிச் சொல்லிக்கொண்டு போனபோதுதான் எனக்கு வந்தது. வந்த நொடியிலிருந்து, அதை நான் முதலிலேயே யோசித்திருந்ததாக நம்பத் தொடங்கிவிட்டேன்.

மனைவி முழுவதையும் கேட்டு முடித்தாள். பிறகு, "அப்ப நீங்கள் ஓட ஏலாமல்தான் ஓடியிருக்கிறியள்" என்றாள்.

"ஆனால் கக்கூசைப் பார்க்கச் சொன்னனான்! அது உண்மை!"

"ஓம், அது உண்மை. அதுக்கு அரைப் பட்டி தரலாம்."

புதன்கிழமை அந்த அதிகாரி இன்னோர் ஊரில் இன்னொருவனிடம் துப்பு வாங்கினான். நான் கத்தவில்லை. சோபாவில் இருந்தபடி இடுப்பில் ஒரு கற்பனைப் பொத்தானை அமத்தி அமத்திப் பழகினேன்.

வியாழக்கிழமை காலை இடைவேளையில் எல்லோரையும் முற்றத்துக்கு அழைத்தார்கள். ஷெஃப் பேசினார். மொழிபெயர்ப்பில் தவறு, எரியக்கூடிய காஸ், சமயோசிதம், துணிவு என்றெல்லாம் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் என் காது சூடாகியது. துணிவு என்ற இடத்தில் நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டேன். பிறகு பட்டியை எடுத்து என் நெஞ்சில் வைத்து அமத்தினார்.

சத்தமே வரவில்லை.

வெல்க்ரோ பிய்கிறபோதுதான் ஊரைக் கூட்டும். ஒட்டுகிறபோது பூனை மாதிரி. பின் வரிசையில் நின்ற பொதிகட்டுகிற பெண்கள் தங்களுக்குள் ஏதோ கதைத்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் நடந்து முடிந்துவிட்டதே அவர்களுக்குத் தெரியவில்லை. ஆறு கிழமையாக நான் காத்திருந்தது இப்படிச் சத்தமில்லாமல் போவதை என்னால் தாங்க முடியவில்லை. நானே பட்டியின் நுனியைப் பிடித்து இழுத்தேன். க்ர்ர்ரக். எல்லோரும் திரும்பினார்கள். திரும்ப ஒட்டினேன். க்ர்ர்ரக். திரும்ப ஒட்டினேன். மூன்றாவது தடவைக்கு எவனோ கை தட்டினான். நான்காவது தடவைக்கு ஷெஃப் என் கையைப் பிடித்துக்கொண்டார். "போதும்" என்றார், பல்லுக்குள்ளால்.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். நான் கீழே இறங்கி நின்று அட்டைப்பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். சைரன் அடித்தது.

புகை இல்லை. பயிற்சி என்று உடனேயே விளங்கிவிட்டது. காலுக்குத்தான் விளங்கவில்லை. இந்தத் தடவை நான் நிஜமாகவே, காலால், கக்கூஸ் பக்கம் ஓடினேன். நான்கு கதவுகள். முதலாவது திறந்தது, ஒருவருமில்லை. இரண்டாவது, மூன்றாவதிலும் இல்லை. நான்காவது பூட்டியிருந்தது. குனிந்து கீழே பார்த்தேன். ஷெஃபின் பழுப்புச் சப்பாத்து. என்னைச் சோதிப்பதற்கு வேண்டுமென்றே உள்ளே போய் ஒளிந்திருக்கிறார். அதே கதவு. அதே ஒன்பதேகால் ஆசனம்.

கையை ஓங்கினேன். தட்டவில்லை.

அந்த அதிகாரியாக இருந்தால் உடனே தட்டியிருப்பான். நான் நின்றேன். முற்றத்தில் முப்பத்திரண்டு பேருக்கு முன்னால் என் நெஞ்சிலிருந்து வந்த சத்தத்தை ஒரு தடவை மனத்துக்குள் முழுசாகக் கேட்டு முடித்தேன். உள்ளே சப்பாத்து லேசாக அசைந்தது. அவருக்கும் நேரம் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பத்து நொடிச் சுகத்தை எனக்கு யாராவது இன்னொரு தடவை தருவதென்றால், அதற்காக வேலையையே விட்டுவிடுவேன்.

"தம்பி, நான் ஓடுறன்! நீர் இரும்!" என்று தமிழில் கத்தினேன். பிறகு கதவை இரண்டு கைகளாலும் போட்டு அடித்தேன்.

அவர் வெளியே வந்தார். கையில் நேரம் அளக்கிற கருவியும் ஒரு பதிவுத்தாளும். தாளைப் பார்த்தார்.

"கதவுக்கு வந்து நின்றபிறகு பத்து நொடி தாமதம்" என்றார். "என்ன நடந்தது?"

பயத்தில் ஜெர்மன் மீண்டும் ஓடிப்போய்விட்டது. நாக்கில் மிஞ்சியிருந்ததைச் சொன்னேன். "பெல்ட். பெல்ட் கழரவில்லை."

அவர் எழுதத் தொடங்கினார். பாதியில் பேனை நின்றது.

"இன்றைக்கு நீ ஸ்டாப்லரில் இருக்கவில்லையே."

"இன்றைக்கு இல்லை" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய பார்வை என் முகத்திலிருந்து மெதுவாகக் கீழே இறங்கத் தொடங்கியபோது, என் கை தானாகவே போய்ப் பட்டியை மூடிக்கொண்டது.